ஆறாவது மாடியில் நாலு கதவு

அத்தியாயம் 5

காலை பத்து நாற்பதுக்குக் குட்டியின் ஹெட்ஃபோனில் வந்த அழைப்பு மற்ற அழைப்புகளைப் போலத்தான் ஆரம்பித்தது.

"வணக்கம், டிவி இணைப்பு உதவி மையம். சொல்லுங்க சார்."

"மேடம், டிவில பென்டிரைவ் சொருகினா ஒண்ணுமே வரமாட்டேங்குது."

மவுஸைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது. அது அவளுடைய மாமாவின் குரல்.

அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வீட்டுச் சுவர்களில் டிவி மாட்டிக்கொண்டிருப்பவர். இப்போதெல்லாம் குட்டியின் கம்பெனி கொடுக்கிற ஆர்டர்கள்தான். முந்தின நாள் மத்தியானம், "ஒரு வீட்ல டிவி மாட்டிட்டு வந்துடறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவர் வீடு திரும்பவில்லை. போன் அணைந்து கிடந்தது. அத்தை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது அங்கே அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடந்த இரண்டு மாதத்தில் ஐந்து வீடுகளில் திருட்டு நடந்திருந்தது. ஐந்திலும் மாமா புது டிவி மாட்டிய பத்து நாளுக்குள் நடந்த திருட்டு. "உங்க வீட்டுக்காரர் காணாமப் போகலம்மா, ஓடிப் போயிருக்கார்" என்று சொல்லிவிட்டுப் புகார் எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். தேடுவதற்கு அத்தை வேறு ஆளைப் பிடித்திருந்தாள்.

"மா..." என்று குட்டிக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"மேடம், எனக்குச் சுவத்துல டிவி மாட்ட மட்டும்தான் தெரியும், மத்தது ஒண்ணும் தெரியாது" என்று மாமா அவசரமாக வெட்டினார். "ரிமோட்ல பவர் பட்டனைத் தவிர எதையும் தொட்டதில்ல. கொஞ்சம் பொறுமையாச் சொல்லிக் குடுங்க."

குட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வு போகும் முன்பு எந்த ஒயர் எந்த ஓட்டையில் போகும் என்று அவளுக்கு ராத்திரியும் பகலுமாகச் சொல்லிக் கொடுத்தவரே இவர்தான். 'இணைப்புக் கோளாறுக்கு மூன்றை அழுத்தவும்' என்பதைக் கேட்டு அழுத்தினால் அவள்தான் எடுப்பாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"ஸ்பீக்கர்ல போடுடா" என்றது பின்னாலிருந்து இன்னொரு குரல். தொண்டையில் மணல் அடைத்தது போன்ற குரல்.

குட்டி கண்ணை மூடித் திறந்தாள். பதறினால் அவர் உயிர் போகும் என்பது யாரும் சொல்லாமலே புரிந்தது.

"சரிங்க சார். ஸ்க்ரீன்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

"'இந்த ஃபைலைத் திறக்க முடியாது'ன்னு வருது மேடம். அதுக்குக் கீழ 'அப்டேட் செய்யவும்'னு வருது."

"அப்டேட் பண்ணாத்தான் திறக்கும் சார். அதுக்கு வைஃபை வேணும்."

"வைஃபை பேரு ஏகப்பட்டது வருது. எதுன்னு எனக்குத் தெரியலியே. எல்லாத்தையும் படிச்சிடட்டுமா?"

"படிங்க சார்" என்றாள். அப்போதுதான் அவர் என்ன செய்கிறார் என்று பிடிபட்டது. மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

"'பல் கிளினிக் கெஸ்ட்.' 'நீச்சல் குளம் ஆபீஸ்.' 'நாய் ஜாக்கிரதை.' 'பாஸ்வேர்டு கேக்காதே.'"

"போதும்டா, கதாகாலட்சேபம் பண்றே" என்றது மணல் குரல். "ஏம்மா, பென்டிரைவ்ல இருக்கற படத்தைப் பாக்கறதுக்கு இவ்வளவு கூத்தா?"

"புது மாடல் அப்படித்தான் சார்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "டிவிக்குப் பின்னாடி சீரியல் நம்பர் இருக்கும், பத்து இலக்கம். அதைச் சொன்னீங்கன்னா எங்க பக்கத்துலேர்ந்தே அப்டேட்டை அனுப்பிடலாம்."

மாமா ஒவ்வொரு எண்ணாக, பள்ளிக்கூடத்துப் பையன் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவள் தட்டினாள். 'தவறான எண்' என்று கம்ப்யூட்டர் சிவப்பில் காட்டியது.

"வந்துடுச்சு சார். பன்னண்டு மணிக்குள்ள நானே திரும்பக் கூப்பிடறேன். அதுவரைக்கும் பென்டிரைவை எடுக்காதீங்க. எடுத்தா அதுல இருக்கறது அழிஞ்சு போயிடும்."

இந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"நல்லது மேடம்" என்றார் மாமா. கடைசியாக ஒன்று சொன்னார். "என் சின்ன புத்திக்குப் படறதைச் சொல்றேன். கோளாறு டிவில இல்ல மேடம். சிக்னல் உங்க பக்கத்துலதான் ஒழுகுது."

தொடர்பு அறுந்தது.

இருபது நிமிஷத்தில் அத்தை அமர்த்திய துப்பறிவாளர் வந்து சேர்ந்தார். அலுவலகத்துக்கு வெளியே, காபி மெஷினுக்குப் பக்கத்துப் படிக்கட்டு முனையில் நின்று பேசினார்கள்.

ஐம்பதைத் தாண்டிய அந்த அம்மாளை ஊரில் எல்லோரும் நிதானம் என்றுதான் சொல்வார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையை இருபது வருஷம் பார்த்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியவர். கூடவே ஒட்டிக்கொண்டு வந்த ஒல்லிப்பிச்சானுக்கு வயது நாற்பது. "துப்பறியறது அவங்க, கூட வர்ற கொசுறு நான்" என்று தன்னை அறிமுகம் செய்துகொள்வதால் கொசுறு என்ற பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது. முன்பு மருந்துக் கம்பெனியில் பேசிப் பேசி மாத்திரை விற்றவன்.

குட்டி எழுதி வைத்த காகிதத்தை நிதானம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். படிக்கிற அழகைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை படிப்பது போலிருந்தது. குட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேடம், அவங்க மாமாவை ஏதாவது பண்ணிடுவாங்க."

"பண்ண மாட்டாங்க. பென்டிரைவ்ல என்ன இருக்குன்னு பாக்கற வரைக்கும் பண்ண மாட்டாங்க. பன்னண்டு மணின்னு நீ வாய்தா வாங்கியிருக்கே. நல்ல காரியம் பண்ணினே. கூப்பிட்ட நம்பர்?"

"திரையில வந்துச்சு. இதோ."

"அதை வெச்சு இடத்தைக் கண்டுபிடிக்கப் போலீஸால முடியும்" என்றான் கொசுறு. "மனு குடுத்து, கையெழுத்து வாங்கி, நாளன்னிக்குச் சாயங்காலம் சொல்லிடுவாங்க."

"பென்டிரைவ்ல என்னதான் இருக்கு?"

"திருட்டுப் போன ஒரு வீட்ல கேமரா இருந்திருக்கு. அதுல பதிஞ்ச ஆளுங்க யாருன்னு கேக்க, வீட்டுக்காரர் அதை உங்க மாமாகிட்ட குடுத்திருக்கார். காலைலதான் அவர்கிட்ட பேசினேன்." நிதானம் காகிதத்தைக் கொசுறிடம் நீட்டினார். "பல் கிளினிக், நீச்சல் குளம். ரெண்டும் ஒரே டிவியில தெரியுது. வைஃபை ஒரு தெரு தாண்டி வராது."

"நீச்சல் குளத்துக்கு நேர் எதிர்ல ஒரு பல் கிளினிக் இருக்கு மேடம். நல்லா ஞாபகம் இருக்கு. வலது பக்கக் கடைவாய்ப் பல்லை அங்கதான் பறிகுடுத்தேன். வலிச்ச பல் இடது பக்கம்." அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "கிளினிக் கீழ. மேல ஆறு மாடி, வீடுங்க."

"எந்த வீடு?" என்றாள் குட்டி. "இருபது முப்பது வீடு இருக்குமே."

"இந்த சீரியல் நம்பரைக் கம்ப்யூட்டர் ஏத்துக்கலன்னு சொன்னே இல்ல?" நிதானம் தன் போனை எடுத்து, கடைசியாகப் பேசிய எண்களைத் திறந்து, காகிதத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். "இது உங்க அத்தை நம்பர். நேத்திலேர்ந்து ஒன்பது தடவை கூப்பிட்டிருக்காங்க. முதல் ஏழு எண்ணைப் பாரு."

குட்டி பார்த்தாள். ஏழும் ஒன்றாகவே இருந்தன.

"கடைசி மூணு மட்டும் வேற. உங்க அத்தைக்கு ஒண்ணு ஒண்ணு எட்டு. மாமா சொன்னது ஆறு பூஜ்யம் ரெண்டு."

"எங்க வீட்டு நம்பர் எனக்கே தெரியலியே" என்றாள் குட்டி. கண் கலங்கியது.

"யாருக்குத் தெரியும்மா இப்பல்லாம்? என் நம்பரே எனக்குத் தெரியாது. யாராவது கேட்டா மிஸ்டு கால் குடுத்துட்டு அவங்களைப் பாக்கச் சொல்வேன்" என்றான் கொசுறு. அதைச் சொல்லும்போதே அவன் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைக் குட்டி கவனித்தாள். இந்த ஆளுக்கும் பயம்தான். பயம் வாய் வழியாகக் கிண்டலாக வருகிறது, அவ்வளவுதான்.

"ஆறாவது மாடி, ரெண்டாம் நம்பர் வீடு" என்றார் நிதானம். "நான் ஸ்டேஷனுக்குச் சொல்லிடறேன். ஆனா உங்க மாமாவைத் திருடன்னு நினைச்சிட்டிருக்கறவங்க ஓடி வர மாட்டாங்க, நடந்துதான் வருவாங்க. நாங்க முன்னாடி போறோம். நீ சொன்ன நேரத்துக்குத் திரும்பக் கூப்பிடு. உன் செல்போன்ல எங்க கூடவும் லைன்ல இரு. அவங்க கவனம் பூரா டிவி மேலயே இருக்கணும்."

"சரி மேடம்."

படியில் இறங்கப் போனவர் நின்றார். "சிக்னல் உங்க பக்கத்துல ஒழுகுதுன்னு சொன்னாரே. சும்மா சொல்லியிருக்க மாட்டார். இது எதையும் உள்ள யார்கிட்டயும் பேசாதே. உக்காந்திருக்கற நாற்காலிகிட்டகூட."

குட்டி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

உதவி மையம் என்று பெயர்தான் பெரிது. ஒரு நீள அறை, மூன்று மேஜைகள், பரிசோதனைக்காகச் சுவரில் மாட்டிய நாலு டிவிகள், மூலையில் சூப்பர்வைசரின் கண்ணாடி அறை. ஒரு மேஜைக்காரர் விடுமுறையில் இருந்தார். பக்கத்து மேஜையில் வாரண்டி விசாரணைகளைப் பார்க்கும் அக்கா யாருக்கோ, "தண்ணி ஊத்தினா வாரண்டி கிடையாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த அறையில் யார் ஒழுகவிடுவார்கள்? யாருடைய வீட்டில் எத்தனை அங்குல டிவி வந்திருக்கிறது, எந்தெந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்கும் என்பதெல்லாம் இந்த மூன்று கம்ப்யூட்டர்களிலும் இருந்தது. குட்டிக்கு வாரண்டி அக்காவைப் பார்க்கவே பயமாக இருந்தது. இரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டவள். அவள் சாதாரணமாகத் திரும்பிச் சிரித்தாள். குட்டி திரும்பச் சிரித்தபோது கன்னம் மரத்துப்போனது போலிருந்தது.

பதினொன்று ஐம்பதுக்கு அந்த எண்ணைத் திரும்ப அழைத்தாள். செல்போனைக் கொசுறுடன் இணைத்து, வலது காதுக்கும் தோளுக்கும் நடுவே கூந்தலுக்குள் இடுக்கிக்கொண்டாள். இடது காதில் ஹெட்ஃபோன்.

"என்னம்மா, எவ்வளவு நேரம்?" மணல் குரல்.

"ஒரு நிமிஷம் சார். அப்டேட் அனுப்பிட்டேன். டிவி பக்கத்துல இருக்கறவர்கிட்ட குடுங்க."

"மேடம்" என்றார் மாமா. குரல் முன்பைவிடத் தளர்ந்திருந்தது. ஒரு எழுத்தை விட்டு ஒரு எழுத்து குழறியது. உதடு கிழிந்திருக்குமோ? குட்டி மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வலது காதில் கொசுறு கிசுகிசுத்தான். "ஆறாவது மாடிக்கு வந்துட்டோம். லிஃப்ட் வேலை செய்யல. நான் மேல வந்துட்டேன், என் உயிர் இன்னும் மூணாவது மாடியில வந்திட்டிருக்கு. ஒரு சிக்கல். இங்க பெயின்ட் அடிக்கறாங்க. நாலு கதவு, நாலுலயும் நம்பரைக் கழட்டிட்டாங்க. எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணறதுன்னு பெயின்டருங்களுக்கும் தெரியல. தப்பான கதவைத் தட்டினா உள்ள இருக்கறவன் உஷாராயிடுவான். மேடம் கேக்கறாங்க, ஏதாவது சத்தம் வர வைக்க முடியுமா?"

அவனுக்குப் பதில் சொல்ல முடியாது. இடது காதுக்காரர்களுக்குக் கேட்கும்.

"சார், அடுத்ததா சவுண்ட் டெஸ்ட் பண்ணணும். செட்டிங்ஸ் போங்க. அதுல சவுண்ட். அதுக்கும் கீழ சவுண்ட் டெஸ்ட்."

"படம் பாக்கறதுக்கு எதுக்கும்மா சத்தம்?" என்றது மணல் குரல்.

"வீடியோ ஃபைல்ல சத்தமும் படமும் ஒண்ணாத்தான் இருக்கும் சார். டிவில சத்தம் வரலன்னா படமும் ஓடாது. சில நேரம் பாதியிலேயே நின்னு ஃபைல் கெட்டுப் போயிடும்."

யாரோ நாற்காலியை இழுக்கும் ஓசை கேட்டது.

"பண்ணித் தொலை."

"பண்ணிட்டேன் மேடம்" என்றார் மாமா. "சத்தம் வரல."

"ஒண்ணும் கேக்கல" என்றான் கொசுறு அதே நேரத்தில்.

சத்தம் ஏன் வரவில்லை? ஒரு நாளைக்கு எட்டுப் பேராவது கேட்கிற கேள்வி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்வாள். இப்போது மூளை வெறும் பலகையாகக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மேலிடத்துக் கூட்டத்துக்குப் போயிருந்த சூப்பர்வைசர் எப்போது திரும்பி வந்தார் என்று தெரியவில்லை. கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. காலையில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வெந்நீர் கொண்டுவந்து வைத்து, "மாமா பத்தி ஏதாவது தகவல் உண்டாம்மா? பயப்படாதே" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அந்த மனிதர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பார்வையை எடுக்காமலே ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் திரையில் சிவப்பாக ஒரு வரி தெரிந்தது. 'தவறான எண்' வந்த அழைப்புகள் எல்லாம் தானாகவே அவர் பார்வைக்குப் போகும். மாமா பேசிய பதிவைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வந்து கேட்பார், உதவி செய்வார் என்று குட்டி நினைத்தாள். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன போனை எடுத்தார். அவர் வழக்கமாக வைத்திருக்கும் போன் அது இல்லை.

இடது காதில், ஆறாவது மாடியில், ஒரு போன் அடித்தது.

"அண்ணன் கூப்பிடறாரு" என்று இரண்டாவது ஆள் ஒருவன் சொன்னான். அதுவரை பேசாதவன்.

'அண்ணன்' யார் என்று குட்டிக்குப் புரிந்தது. மறுகணம் மூளை திறந்தது. "சார், சவுண்ட் அவுட்புட்டைப் பாருங்க. வெளி ஸ்பீக்கர்னு இருக்கும். டிவி ஸ்பீக்கர்னு மாத்துங்க. வால்யூமை நூறுல வைங்க. சீக்கிரம்."

"மாத்தறேன் மேடம், மாத்தறேன்."

"இருடா" என்றது மணல் குரல். "சொல்லுங்கண்ணே. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசரின் உதடுகள் அசைந்தன. அரை மூச்சுக்குப் பின்னால் அவர் குரல், நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய், அந்த வீட்டு அறையில் ஒலித்து, குட்டியின் ஹெட்ஃபோன் வழியாக அவளிடமே திரும்பி வந்தது.

"மடையனுங்களா, போனைக் கட் பண்ணுங்க. ஹெல்ப்லைன்ல பேசறவ அவனோட அக்கா பொண்ணு."

உதடு நின்றது. பிறகு குரல் நின்றது.

இனிமேல் நடிக்க ஒன்றுமில்லை. குட்டி எழுந்து நின்று கத்தினாள். "மாமா, ஓகே அழுத்துங்க."

இடது காதில் இடி இறங்கியது. நூறு வால்யூமில் ஒரு பெரிய டிவி வாத்திய கோஷ்டி மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொட்டியது. அரைக் கணத்தில் அதே இரைச்சல் வலது காதிலும் கேட்டது. "மூணாவது கதவு" என்று கொசுறு அலறினான். ஹெட்ஃபோன் செத்துப்போனது. யாரோ போனைத் தரையில் அடித்திருக்க வேண்டும்.

வலது காதில் மட்டும் உயிர் இருந்தது. கதவைத் தடதடவென்று தட்டும் ஓசை. பிறகு ஒரு பெண்குரல். நிதானத்தின் குரல் அவ்வளவு உயரத்துக்குப் போகும் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

"யாருங்க வீட்ல? கைக்குழந்தை இப்பதான் தூங்குச்சு. டிவியைக் குறைங்க. அறிவில்ல உங்களுக்கு? குறைக்கப் போறீங்களா, தெருவையே கூட்டட்டுமா?"

தாழ்ப்பாள் விலகும் சத்தம். "குறைச்சுடறோம்மா, போம்மா" என்று மணல் குரல். அடுத்தது என்னவென்று பிரித்துச் சொல்ல முடியாதபடி காலடிகள், தகர டப்பா உருளும் சத்தம், பெயின்டர்களின் கூச்சல், ஏதோ ஒன்று உடையும் சத்தம். பிறகு வலது காதும் அடங்கிவிட்டது.

"கொஞ்சம் உள்ள வாம்மா."

சூப்பர்வைசர் அவள் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தார். காலையில் வெந்நீர் வைத்த அதே முகம், அதே மென்மையான குரல். அவளைப் பார்த்துச் சொன்னாலும் கண் அவள் கம்ப்யூட்டரின் மேல் இருந்தது. இங்கே வருகிற அழைப்புகள் எல்லாமே பதிவாகின்றன. அவருடைய குரலும் இப்போது அதில் பதிந்திருக்கிறது. அழிப்பதற்கான கடவுச்சொல் அவர் ஒருவரிடம்தான் உண்டு.

குட்டி நகரவில்லை. துணிச்சலால் இல்லை, காலுக்கு உயிர் இல்லை. கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

"உனக்கு உடம்பு சரியில்ல. வீட்டுக்குப் போ. உன் சிஸ்டத்தை நான் பாத்துக்கறேன்." அவர் கை நீண்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கை ஜில்லென்றிருந்தது. பிடி இறுகிக்கொண்டே போனது.

"கையை எடுங்க சார்."

பேசியது வாரண்டி அக்கா. அவளும் எழுந்து நின்றிருந்தாள். அவள் ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்கியது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகிற அழைப்பைப் பக்கத்து மேஜைக்காரர் ஒட்டுக்கேட்டுத் தப்பு கண்டுபிடிக்க வேண்டும் என்பது சூப்பர்வைசரே போட்ட விதி.

"நானும் கேட்டுட்டேன் சார்" என்றாள் அக்கா. "உங்க வாயையும் பாத்தேன், குரலையும் கேட்டேன். இப்ப எங்க ரெண்டு பேர்ல யாரை உள்ள கூப்பிடப் போறீங்க?"

இரண்டு மாதத்தில் ஐந்து வீட்டைத் துடைத்த கூட்டத்தின் தலைவர், சுவரில் ஓடிக்கொண்டிருந்த நாலு டிவிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். மணிக்கட்டை விட்டார். சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தார். படிக்கட்டில் அவர் ஓடும் சத்தம் கேட்டது. கீழ்த்தளத்துக் காவலாளிக்கு அக்கா போன் போட்டாள். எண்களைத் தப்புத் தப்பாக அழுத்தி, மூன்றாவது முறைதான் கிடைத்தது.

குட்டி செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிஷம் போனது. நாலு நிமிஷம் போனது. தானாகக் கூப்பிடக் கை வரவில்லை. யாராவது எடுத்து ஏதாவது சொல்லிவிட்டால்?

ஏழாவது நிமிஷத்தில் அது அடித்தது.

"குட்டிமா" என்றான் கொசுறு. ஒரு கிண்டலும் செய்யவில்லை.

"அண்ணா, சொல்லுங்க."

"உயிரோட இருக்கார். உதடு கிழிஞ்சிருக்கு, ரெண்டு விரல் வீங்கியிருக்கு. ரெண்டு பேரையும் பெயின்டருங்க கட்டிப்போட்டுட்டாங்க. போலீஸ் இப்பதான் மாடிப்படி ஏறுது." அவன் மூச்சு வாங்கினான். "எனக்குப் பேச்சு வரல. நீயே பேசு."

மாமா லைனுக்கு வந்தார்.

"கேமராப் படத்தை என்ன பண்ணலாம்னு உங்க சூப்பர்வைசர்கிட்டதான் நானே போய்க் கேட்டேன்" என்றார். "நல்ல மனுஷன்னு நெனச்சேன். மறுநாளே ஒரு ஆர்டர் குடுத்து அந்த வீட்டுக்கு அனுப்பினார். உள்ள போனதும் பின்னாடி கதவைச் சாத்தினாங்க பாரு, அப்பதான் எனக்குப் புரிஞ்சுது."

"இப்ப ஒண்ணும் இல்ல மாமா. நீங்க வீட்டுக்குப் போங்க. அத்தை காத்திட்டிருக்கா."

"நான் தனியாப் போக மாட்டேன்" என்றார். எந்தக் கூரையிலும் எந்த ஏணியிலும் சிரித்துக்கொண்டே ஏறுகிறவர். "நீ வா. நீ வந்தாத்தான் போவேன்."

கட்டடத்தின் வாசலில் சூப்பர்வைசரைக் காவலாளி மடக்கிப் போலீஸிடம் விட்டிருந்தார். குட்டி அந்தப் பக்கம் திரும்பாமல் ஆட்டோ பிடித்தாள். வாக்குமூலம், கையெழுத்து, விரலுக்குக் கட்டு எல்லாம் முடிய மூன்று மணி ஆனது. ஸ்டேஷனில் பேனாவை மூடி வைத்தவர் இப்போது எழுந்து நின்று மாமாவுக்கு நாற்காலி போட்டார். பென்டிரைவ் படத்தில் இருந்த இரண்டு முகங்களும் கட்டிப்போட்ட இரண்டு முகங்களும் ஒன்றுதான் என்று அவரே சொன்னார்.

நிதானம் தன் காரிலேயே அவர்களை வீட்டுக்குக் கூட்டிவந்தார். வழியெல்லாம் மாமா கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். பிடியைத் தளர்த்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அத்தை வாசலில் நின்றிருந்தாள். அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதட்டைத் தொடப் போய், தொடாமல், விரலை மடக்கிக்கொண்டாள். "எல்லாரும் உள்ள வாங்க" என்று மட்டும் சொன்னாள். நிதானத்தையும் கொசுறையும் சேர்த்து எல்லோரையும் உள்ளே விட்டுக் கதவைத் தாழிட்டாள்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மாமா எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு குட்டி தண்ணீர் எடுக்கிற சாக்கில் போய்ப் பார்த்தாள். அத்தை சமையலறைக்குப் போகும்போது, தானே போட்ட தாழ்ப்பாளைத் தானே இன்னொரு முறை பார்த்தாள். கடைசியில் கொசுறு எழுந்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கதவு வரைக்கும் நடந்து போய்த் தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

யாரும் சிரிக்கவில்லை.